அப்பாவின் டிரங்குப் பெட்டியில் பழைய ஷேர் பத்திரங்கள்: நாமே அலைவதா, ஏஜெண்டிடம் கொடுப்பதா?

அப்பா இறந்தது 2008ல். அவருடைய டிரங்குப் பெட்டியை நாங்கள் ஒழுங்காகத் திறந்து பார்த்தது போன வருடம்தான், வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது. துணிக்கடை மஞ்சள் பை ஒன்றுக்குள் ஆறு ஷேர் சர்டிபிகேட்டுகள் இருந்தன. சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் இற்றுப்போய்க் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்தால் பத்திரம் கிழிந்துவிடுமோ என்று அம்மா ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். கூடவே, கம்பெனி தன் லாபத்தில் பங்காக அனுப்பும் டிவிடெண்ட் வாரண்டுகள் மூன்று, செக் மாதிரி, வங்கியில் போடாமலே கிடந்தவை. அதில் ஒன்று 42 ரூபாய்க்கு.

அதற்குப் பிறகு இரண்டு மாதத்துக்குள் ஒரு போன். "உங்க அப்பா பேர்ல பெரிய தொகைக்கு ஷேர் இருக்கு சார். நாங்க எடுத்துக் கொடுக்கிறோம். வர்றதுல 20 சதவீதம் எங்களுக்கு." எந்தக் கம்பெனி என்று கேட்டேன். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சொல்வார்களாம்.

இந்த இடத்தில்தான் பலரும் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறார்கள். நாமே எழுதிப் போட்டு வாங்கலாம், வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போகலாம், சதவீதம் கேட்கும் ஏஜெண்டிடம் விடலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம். நான்கையும் எடைபோட்டுப் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஷேர் இன்று யார் கையில் இருக்கிறது, வாரிசு யார் யார், இந்த இரண்டுக்கும் விடை தெரியாமல் எந்த வழியையும் தேர்ந்தெடுக்காதீர்கள். விடை தெரிந்துவிட்டால் வழி பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

காகிதத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

எங்கள் பையில் இருந்தவற்றில் ஒன்று பாங்க் ஆஃப் மதுரா, 100 பங்கு. கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943ல் தொடங்கிய வங்கி. இன்னொன்று லட்சுமி விலாஸ் வங்கி, 1926ல் கரூரில் தொடங்கியது. இரண்டுமே இன்று அந்தப் பெயரில் இல்லை. மதுரைப் பக்கத்து வீடுகளில் இந்த இரண்டு பத்திரங்களும் ஒரே பையில் கிடப்பது அதிசயமே இல்லை.

பாங்க் ஆஃப் மதுரா 2001ல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. ஒரு பங்குக்கு ஐசிஐசிஐ பங்கு இரண்டு என்பது கணக்கு. ஆக 100 என்பது 200 ஆனது. 2014 டிசம்பரில் 10 ரூபாய் முகமதிப்பை 2 ரூபாயாகப் பிரித்தார்கள், 200 என்பது 1,000 ஆனது. 2017ல் பத்துக்கு ஒன்று போனஸ், 1,100. 2025ல் அந்தப் பங்கு எந்த நாளிலும் 1,000 ரூபாய்க்குக் கீழே போகவில்லை. அதாவது 100 என்று அச்சடித்த அந்தக் காகிதத்துக்குப் பின்னால் 11 லட்சத்துக்கு மேல் நிற்கிறது, இத்தனை வருட டிவிடெண்ட் தனி.

லட்சுமி விலாஸ் வங்கியை 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்தபோது பங்கு மூலதனம் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பங்குதாரர்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. அந்தக் காகிதம் அப்பாவின் நினைவாக இருக்கலாம், அவ்வளவுதான்.

பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிப் பழைய தாள்கள். அதனால் முதல் வேலை, ஒவ்வொரு பத்திரத்துக்கும் கம்பெனியின் கதையைத் தேடுவது: பெயர் மாறியதா, வேறு கம்பெனியோடு இணைந்ததா, பங்கைப் பிரித்தார்களா, போனஸ் கொடுத்தார்களா, மூடிவிட்டார்களா. கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, பதிவேட்டிலிருந்து நீக்கிவிட்டார்களா என்று பார்த்துவிடலாம். உயிரோடு இருந்தால் அதன் பங்குப் பதிவேட்டைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ரார் யார் என்று கம்பெனியின் ஆண்டறிக்கையில் இருக்கும். கேஃபின், எம்யுஎஃப்ஜி இன்டைம், நம் ஊர்க் கம்பெனிகள் பலவற்றுக்குச் சென்னையில் இருக்கும் கேமியோ. பத்திரத்தில் இருக்கும் ஃபோலியோ எண்ணும் (பங்குதாரரின் கணக்கு எண்) இறப்புச் சான்றிதழ் நகலும் வைத்து, இந்த ஃபோலியோவில் இன்று எத்தனை பங்கு, எவ்வளவு டிவிடெண்ட் பாக்கி, பங்கு கம்பெனியிடமே இருக்கிறதா, ஐஇபிஎஃப் என்ற அரசு நிதிக்குப் போய்விட்டதா என்று ஒரு கடிதம் எழுதுங்கள். ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் ஆறில் இரண்டு, தொண்ணூறுகளில் புதிதாக வெளியீடு போட்டுப் பணம் திரட்டிவிட்டுக் காணாமல் போன கம்பெனிகள். அப்பா மில்லில் குமாஸ்தா. தீபாவளி போனஸில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பார். அதை நினைத்தால் மனசு கனக்கிறது, ஆனால் அதற்காக அலைந்து பயனில்லை. லட்சுமி விலாஸையும் சேர்த்து மூன்றை ஒதுக்கியதும் எங்களுக்கு மிஞ்சியது மூன்று.

கம்பெனியிடமா, ஐஇபிஎஃப்பிடமா

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 124ஆவது பிரிவுப்படி, தொடர்ந்து ஏழு வருடம் டிவிடெண்ட் வாங்காத பங்குகளைக் கம்பெனி முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்கு மாற்றிவிட வேண்டும். அதைத்தான் எல்லோரும் ஐஇபிஎஃப் என்கிறோம். இதை நிர்வகிக்கும் ஆணையம் 2016லிருந்து இருக்கிறது. அங்கே போய்விட்டால் பங்கு பறிபோய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதற்குப் பிறகு வரும் டிவிடெண்டும் போனஸும்கூட அங்கே உங்கள் கணக்கில்தான் சேரும். திரும்பக் கேட்பதற்குக் காலக்கெடுவும் கிடையாது.

பங்கு இன்னும் கம்பெனியிடமே இருந்தால் வேலை பாதி. எங்களுக்கு ஒன்று அப்படி இருந்தது, அப்பாவும் அம்மாவும் கூட்டாக வாங்கியது. டிவிடெண்ட் அவர்களுடைய கூட்டு வங்கிக் கணக்குக்கே போய்க்கொண்டிருந்ததால் ஏழு வருடக் கணக்கு ஓடவே இல்லை. கூட்டுப் பெயரில் இருப்பதற்கு வாரிசுச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இறப்புச் சான்றிதழைக் கொடுத்து, இறந்தவர் பெயரை நீக்கி, அம்மா பெயருக்கு மாற்றிக்கொண்டோம். இதற்குப் போய் யாருக்காவது சதவீதம் கொடுத்திருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

அப்பா பெயரில் மட்டும் இருந்தவை இரண்டு. ஒன்று சிறிய தொகை, பல வருடம் டிவிடெண்டே அறிவிக்காத கம்பெனி என்பதால் பங்கு அவர்களிடமே இருந்தது. மற்றது அந்த வங்கிப் பங்கு, ஐஇபிஎஃப்புக்குப் போயிருந்தது.

ஐஇபிஎஃப்பிலிருந்து மீட்பது இரண்டு கட்ட வேலை. முதலில் கம்பெனியிடம் வாரிசு என்று நிரூபித்து, உங்களுக்கு இவ்வளவு பாத்தியதை உண்டு என்று கடிதம் வாங்க வேண்டும். அதை வைத்து ஐஇபிஎஃப்-5 படிவத்தை ஆன்லைனில் போட வேண்டும். அதன் பிரிண்ட், பின்னால் சிக்கல் வந்தால் நான் பொறுப்பு என்று முத்திரைத்தாளில் எழுதித் தரும் இண்டெம்னிட்டி பாண்ட், அசல் சர்டிபிகேட், டீமேட் கணக்கு (பங்கைக் காகிதமின்றி மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்கு) விவரம், கேன்சல் செய்த செக் எல்லாவற்றையும் கம்பெனி இதற்கென்று வைத்திருக்கும் நோடல் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி 30 நாளில் சரிபார்த்து அறிக்கை அனுப்ப வேண்டும், அறிக்கை முழுமையாக வந்ததிலிருந்து 60 நாளில் ஆணையம் முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. நடைமுறையில் ஒரு காகிதம் குறைந்தாலும் திரும்பி வரும், மறுபடி அனுப்ப வேண்டும். இதில் ஒரு விஷயம் முக்கியம். ஒரு கம்பெனிக்கு ஒரு நிதியாண்டில் ஒரே ஒரு கிளெய்ம்தான் போட முடியும். ஒரே கம்பெனியில் அப்பா பெயரில் இரண்டு மூன்று ஃபோலியோ இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்தே போடுங்கள்.

எந்த வழியில் போனாலும் டீமேட் கணக்கு வேண்டும். 2022 ஜனவரிக்குப் பிறகு காகிதமாகப் பங்கு கொடுப்பதில்லை.

ஏஜெண்ட் என்ன செய்கிறார்

ஐஇபிஎஃப்புக்கு மாற்றப்போகும் பங்குதாரர்களின் பெயரையும் ஃபோலியோவையும் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும், நாளிதழில் அறிவிப்பும் கொடுக்க வேண்டும். எனக்கு வந்த போனின் ரகசியம் இவ்வளவுதான். ஒப்பந்தம் போட்டால்தான் சொல்வேன் என்று அவர் மறைத்த கம்பெனிப் பெயர், யாரும் பார்க்கும் ஒரு பட்டியலில் இருந்தது. ஐஇபிஎஃப் தளத்திலேயே பெயரைப் போட்டுத் தேடும் வசதி உண்டு.

ஏஜெண்டுகள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். வீட்டில் ஓடியாட ஆள் இல்லாதவர்களுக்கு, எல்லோரும் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு, அவர்கள் செய்வது உண்மையான வேலைதான். ஆனால் 11 லட்சத்தில் 20 சதவீதம் என்பது 2 லட்சத்து 20 ஆயிரம். அதற்கு அவர் செய்யப்போவது படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, நினைவூட்டுவது. தாசில்தார் ஆபீசுக்கு நாம்தான் போக வேண்டும், அக்கா தங்கையிடம் கையெழுத்து நாம்தான் வாங்க வேண்டும், கோர்ட்டில் நாம்தான் ஆஜராக வேண்டும். கஷ்டமான பாகம் எல்லாம் எப்படியும் நம்மிடமே வருகிறது. அதோடு பவர் ஆஃப் அட்டர்னி, வெற்றுத்தாளில் கையெழுத்து, ஓடிபி, அசல் சர்டிபிகேட் இவற்றில் எதைக் கேட்டாலும் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள்.

நடுவில் ஒரு வழி இருக்கிறது. தனியாகத் தொழில் செய்யும் கம்பெனி செக்ரட்டரி அல்லது இந்த வேலை தெரிந்த வக்கீல் ஒருவரிடம் குறிப்பிட்ட கட்டணம் பேசி, படிவமும் பாண்டும் மட்டும் சரிபார்த்துத் தரச் சொல்வது. நான் செய்தது இதுதான். செய்யும் வேலைக்குக் கூலி கொடுப்பது நியாயம். அப்பா மிச்சம் பிடித்த காசில் ஐந்தில் ஒரு பங்கை எழுதிக் கொடுப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

தாசில்தார் சான்றிதழா, கோர்ட் சான்றிதழா

செலவும் காலமும் பெரிதும் மாறுவது இங்கேதான். உயில் இல்லை, நாமினி இல்லை என்றால் இரண்டு பாதை. (பழைய பங்குகளில் நாமினி இருப்பது அரிது. ஷேருக்கு நாமினி போடும் வசதியே 1999ல்தான் சட்டத்தில் வந்தது.)

முதல் பாதை, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் விஏஓவும் ஆர்ஐயும் விசாரித்து அனுப்புவார்கள். அதோடு மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதமும் நோட்டரி போட்ட இண்டெம்னிட்டி பாண்டும் சேர வேண்டும். இரண்டாவது பாதை, இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின்கீழ் சிவில் கோர்ட்டில் வாங்கும் சக்சஷன் சர்டிபிகேட். மனு, நோட்டீஸ், பேப்பர் விளம்பரம், விசாரணை, மதிப்பைப் பொறுத்துக் கோர்ட் கட்டணம், வக்கீல் ஃபீஸ் எல்லாம் உண்டு.

பங்குச்சந்தையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான செபி 2022 மே மாதத்தில் விதிகளைத் தளர்த்தியது. காகிதப் பங்காக இருந்தால் ஒரு கம்பெனிக்கு 5 லட்சம் வரை, டீமேட்டில் இருந்தால் ஒரு கணக்குக்கு 15 லட்சம் வரை, வாரிசுகளின் ஆட்சேபணையின்மையும் பாண்டும் வைத்தே முடித்துக்கொள்ளலாம் என்றது. அதற்கு மேலே போனாலும், தாசில்தாரின் வாரிசுச் சான்றிதழை பாண்டோடும் ஆட்சேபணையின்மையோடும் ஏற்கலாம் என்றும் சேர்த்தது. 'ஒரு கம்பெனிக்கு' என்ற சொல்லைக் கவனியுங்கள். பத்துக் கம்பெனியில் மூன்று மூன்று லட்சம் இருந்தால் மொத்தம் 30 லட்சம். ஆனாலும் ஒவ்வொன்றும் எளிய பாதையிலேயே போய்விடும். மொத்தத் தொகையைப் பார்த்துப் பயந்து கோர்ட்டுக்கு ஓட வேண்டாம்.

என் கருத்து: வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாராக இருந்தால் தாசில்தார் பாதை. ஒருவர் மறுத்தாலும், ஒருவர் எங்கிருக்கிறார் என்றே தெரியாவிட்டாலும், இரண்டு திருமணம் போன்ற சிக்கல் இருந்தாலும், கோர்ட். அங்கே வக்கீல் இல்லாமல் இறங்காதீர்கள்.

கோர்ட்டுக்குப் போவதென்றால் அவசரப்படவும் வேண்டாம். சக்சஷன் சர்டிபிகேட்டில் எந்தெந்தப் பங்கு, எத்தனை என்று பட்டியல் வரும். அதில் இல்லாத பங்கு பின்னால் கிடைத்தால் பட்டியலை நீட்டிக்க மறுபடி கோர்ட்டில் நிற்க வேண்டும். பழைய பத்திரத்தைப் பார்த்து 100 என்று மனுவில் எழுதிவிட்டு, கம்பெனி பதிவேட்டில் 1,100 என்று இருந்தால் தீர்ப்பு கையில் இருந்தும் பயன்படாது. ரெஜிஸ்ட்ராரின் பதில் கடிதம் வந்த பிறகே மனு எழுதச் சொல்லுங்கள்.

அத்தையின் கையெழுத்து

அம்மா, அக்கா, நான், தங்கை. நாங்கள் நால்வர்தான் வாரிசு என்று நினைத்திருந்தோம். வாரிசுச் சான்றிதழில் ஐந்தாவது பெயர் வந்தது, அப்பத்தா. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இறந்தவரின் தாயும் மனைவி மக்களோடு முதல் வகுப்பு வாரிசு. அப்பா போனபோது அப்பத்தா உயிரோடு இருந்தார், 2013ல்தான் போனார். ஆகவே அவருடைய பங்கு அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது அத்தைக்கும் பேரப்பிள்ளைகள் எங்கள் மூவருக்கும். இதைப் பல குடும்பங்கள் கவனிப்பதே இல்லை, கடைசியில் ரெஜிஸ்ட்ரார் திருப்பி அனுப்பும்போதுதான் தெரியவரும்.

அத்தைக்கு 81 வயது. கடிதத்தைக் கையில் கொடுத்ததும், "உங்கப்பன் சம்பாத்தியத்துல எனக்கு என்னடா கையெழுத்து?" என்றார்.

"அப்பத்தாவுக்குப் பங்கு உண்டு அத்தை. அது உங்களுக்கும் வருது. வேண்டாம்னு எழுதித் தரணும்னு இல்ல, உங்க பங்கை நீங்க வாங்கிக்கலாம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எங்காத்தா பேரு இதுல எங்க இருக்கு, காட்டு" என்றார். காட்டினேன். விரலை அந்தப் பெயர் மேல் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். அவர் பங்கை அவருக்குக் கொடுப்பதாகத்தான் பேசியிருக்கிறோம்.

அதே மாதிரி, "பொண்ணுக்குக் கல்யாணத்துலயே செய்தாச்சே" என்ற பேச்சு எங்கள் வீட்டிலும் எழுந்தது. நகை போட்டது வேறு, வாரிசுரிமை வேறு. அக்காவுக்கும் தங்கைக்கும் எனக்கு இருக்கும் அதே பங்கு. அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் ஆட்சேபணையின்மைக் கடிதம் தானாக வரும். தங்கை சிங்கப்பூரில் இருப்பதால் இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி வாங்கி அனுப்பினாள்.

நாமினி இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நாமினி என்பவர் வாங்கி வைத்துக்கொள்பவர்தான், வாரிசுரிமையை அது மீறாது என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

இனிஷியல்

நமக்கென்றே உள்ள தலைவலி இது. சர்டிபிகேட்டில் அப்பா பெயருக்கு முன்னால் இரண்டு இனிஷியல், ஊரும் தகப்பனார் பெயரும். பான் கார்டில் தகப்பனார் பெயர் விரிவாகப் பின்னால். இறப்புச் சான்றிதழில் ஒரே இனிஷியல். குடும்பப் பெயர் போட்டுப் பழகிய ஊரில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஊழியருக்கு இது மூன்று வெவ்வேறு ஆட்கள். எங்கள் மனு முதல் தடவை திரும்பியது இதற்காகத்தான். மூன்று பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் எழுதி, மில் அடையாள அட்டை நகலையும் இணைத்தபின் ஏற்றுக்கொண்டார்கள். நீங்கள் முதல் தடவையிலேயே இணைத்துவிடுங்கள். தாசில்தாரிடம் விண்ணப்பிக்கும்போதே சர்டிபிகேட்டில் உள்ளபடி பெயர் வரவேண்டும், "என்கிற" போட்டாவது, என்று கேளுங்கள்.

யார் பெயருக்கு மாற்றுவது

ஒருவர் பெயருக்கு மாற்றினால் காகித வேலை குறைவு. ஆனால் விற்கும்போது வரும் நீண்டகால மூலதன ஆதாய வரி முழுவதும் அவர் தலையில். 2024 ஜூலை 23க்குப் பிறகு அது, வருடத்துக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட ஆதாயத்தில் 12.5 சதவீதம். வாரிசாகப் பங்கு கைக்கு வருவதற்கு வரி இல்லை, விற்றால்தான். 2018 ஜனவரி 31க்கு முன் வாங்கிய பங்கு என்பதால், ஆதாயத்தை அந்த நாளின் விலையிலிருந்து கணக்கிடலாம், அப்பா வாங்கிய விலையிலிருந்து அல்ல. அதனால் வரி நாம் பயப்படும் அளவுக்கு இருக்காது. ஒரே வருடத்தில் எல்லாவற்றையும் விற்காமல் இரண்டு மூன்று நிதியாண்டாகப் பிரித்து விற்றாலும் குறையும்.

நாங்கள் அம்மா பெயருக்கே மாற்றுவது என்று முடிவு செய்தோம். 74 வயதில் அவள் பெயருக்கு மாற்றினால் நாளைக்கு மறுபடி இதே வேலைதானே என்று அக்கா கேட்டது நியாயம்தான். டீமேட் கணக்கில் நாமினி போட்டாயிற்று, அடுத்த தடவை இவ்வளவு அலைச்சல் இராது. அம்மாவுக்கு அது தன் பெயரில் வருவது பிடித்திருக்கிறது. அதற்கு மேல் எனக்குக் காரணம் தேவைப்படவில்லை.

விட்டுவிடலாமா

மூடிய கம்பெனி, மதிப்பழிந்த பங்கு என்றால் விட்டுவிடுங்கள். சில ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள ஒற்றைப் பத்திரம் என்றாலும், மற்ற பெரிய பங்குக்காக எப்படியும் இதே காகிதங்களைத் தயார் செய்கிறீர்கள் என்றால் சேர்த்துப் போடுங்கள். அது ஒன்றுதான் என்றால் விட்டுவிடுவதில் தவறில்லை.

மற்றதைத் தள்ளிப்போடாதீர்கள். ஐஇபிஎஃப்பில் காலக்கெடு இல்லை, ஆனால் மனிதர்களுக்கு உண்டு. வாரிசு ஒருவர் போனால் அவருடைய ஒரு கையெழுத்துக்குப் பதில் அவர் பிள்ளைகளின் மூன்று நான்கு கையெழுத்து வேண்டியிருக்கும், கூடவே இன்னொரு வாரிசுச் சான்றிதழும். அப்பத்தா இருந்தபோதே செய்திருந்தால் ஒரு கைநாட்டோடு முடிந்திருக்கும்.

சிறிய கம்பெனியின் பங்கு அம்மாவின் டீமேட்டுக்கு வந்துவிட்டது. வங்கிப் பங்குக்கான ஐஇபிஎஃப்-5 போட்டு நான்கு மாதம் ஆகிறது. கம்பெனியின் சரிபார்ப்பு முடிந்து ஆணையத்தில் இருக்கிறது. அந்த 42 ரூபாய் வாரண்டை மட்டும் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள்.